நடுங்கும் நிலமும் உயர்ந்த சாலையும்

2015ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் 25ஆம் நாள், நண்பகலுக்குச் சற்று முன்னர், தலைநகர் தில்லி அசைந்தது. நேபாள நாட்டைச் சிதைத்த பெரிய நிலநடுக்கத்தின் தொலைவான அலை அது. நம் குடியிருப்புகளில் விசையைத் தட்டாமலே மின்விசிறிகள் ஆடின. மாடி வீடுகளில் இருந்தோர் குழந்தைகளை இடுப்பில் எடுத்துக்கொண்டு படிக்கட்டுகளில் இறங்கி வந்தனர். மெட்ரோ ரயில்கள் சிறிது நேரம் நின்றன. பிறகு நடுக்கம் அடங்கியது, ரயில்களும் ஓடின. மாலையில் மேம்பாலங்களின் மீது வழக்கம்போல வண்டிகள் சென்றன. அவற்றைத் தாங்கி நின்ற தூண்களை ஏறெடுத்துப் பார்த்தவர் நம்முள் எத்தனை பேர்?

இக்கேள்வி வீண் அச்சத்தினால் எழுவதன்று. நிலம் நடுங்கும் இயல்புடைய ஊர்களில் சாலையைத் தூண்களின் மேல் தூக்கி நிறுத்தி, அதன் மேலும் கீழும் வாழத் துணிந்த மக்கள் நமக்கு முன்னரே இருந்திருக்கின்றனர். அமெரிக்க நாட்டின் மேற்குக் கரையிலும் ஜப்பானிலும் வாழ்ந்த அவர்களின் அனுபவம் இன்று வரலாறாகி நிற்கின்றது. அவ்வரலாற்றை ஒருமுறை படித்துப் பார்ப்பது, மேம்பாலங்கள் சூழ்ந்த நகரத்தில் குடியேறி வாழும் நம்போன்ற குடும்பங்களுக்குப் பயன் தரும்.

சாலை உயர்ந்த கதை

இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் அமெரிக்க நாட்டில் மோட்டார் வண்டிகள் பெருகின. நகரத்தின் நடுவே அகன்ற சாலை அமைக்க இடமில்லை. குறுக்குத் தெருக்கள் இடையிடையே வந்து விரைவைக் கெடுத்தன. எனவே பொறியாளர்கள் சாலையைத் தரையினின்றும் உயர்த்தினர். இடம் இன்னும் குறுகிய ஊர்களில் ஒரு சாலையின் தலைமேல் மற்றொரு சாலையை அடுக்கினர். மேல் தட்டில் ஒரு திசை, கீழ்த் தட்டில் எதிர்த் திசை என வண்டிகள் ஓடின. சியாட்டில் நகரின் துறைமுக ஓரத்தில் இத்தகைய ஈரடுக்குச் சாலை 1953ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. கலிபோர்னியா மாநிலத்தில் ஓக்லாந்து நகரின் சைப்ரஸ் தெருவின் மேல் 1957ஆம் ஆண்டிலும், வளைகுடாவிற்கு அப்பால் சான் பிரான்சிஸ்கோ நகரின் எம்பர்காடெரோ என்னும் கடற்கரை வீதியில் 1959ஆம் ஆண்டிலும் இவ்வாறே ஈரடுக்குச் சாலைகள் எழுந்தன. ஜப்பானில் ஒசாகா, கோபே நகரங்களை இணைக்கும் ஹான்ஷின் உயர்மட்டச் சாலை 1960களில் உருவாகத் தொடங்கிற்று.

அக்காலத்து மக்களுக்கு இவை முன்னேற்றத்தின் சின்னங்களாகத் தோன்றின. ஆனால் எல்லார்க்கும் அவ்வாறு தோன்றவில்லை. மேற்கு ஓக்லாந்து, இருப்புப்பாதைத் தொழிலாளரும் கப்பல் கட்டும் துறையின் தொழிலாளரும் வாழ்ந்த பகுதி. அவர்களுட் பெரும்பாலோர் தென் மாநிலங்களினின்றும் பிழைப்பு நாடி வந்து குடியேறிய கறுப்பின மக்கள். அமெரிக்க ரயில்களின் படுக்கைப் பெட்டிகளில் பணிபுரிந்தவர்களின் தொழிற்சங்கத்திற்கு இப்பகுதி ஒரு கோட்டையாக விளங்கியது. சைப்ரஸ் சாலை இக்குடியிருப்பின் நடுவே புகுந்து, பல நூறு வீடுகளை அகற்றி, ஊரை இரண்டாகப் பிளந்தது. கடைக்குச் செல்வோரும் பள்ளிக்குச் செல்வோரும் தூண்களின் நிழலையும் புகையையும் இரைச்சலையும் கடந்து செல்ல வேண்டியவராயினர். சாலையின் மேல் விரைந்து செல்வோர் ஒரு சாரார். அதன் கீழே வாழ்வோர் மற்றொரு சாரார். இவ்வேறுபாட்டை வாசகர்கள் நினைவிற் கொள்ளவேண்டும். பின்னர் நிகழ்ந்தவற்றை விளங்கிக்கொள்ள இது துணைசெய்யும்.

தூணின் உள்ளே இருப்பது

கான்கிரீட் தூண் ஒன்றை நாம் கல்லைப் போன்ற ஒரே பொருளாக எண்ணுகிறோம். உண்மையில் அதனுள் எஃகுக் கம்பிகள் உள்ளன. நெடுக நிற்கும் தடித்த கம்பிகள் ஒரு வகை. அவற்றைச் சுற்றிக் கட்டும் வளையங்கள் மற்றொரு வகை. நம் ஊர்க் கொத்தனார்கள் இவற்றை 'ரிங்' என்பர். மேலிருந்து வரும் பாரத்தைத் தாங்குவதற்குக் கான்கிரீட்டும் நெடுங்கம்பிகளுமே பெரும்பாலும் போதும். பக்கவாட்டில் உலுக்கும்போது தூணைச் சிதறாமல் பிடித்து வைப்பவை வளையங்களே. கரும்புக் கட்டு ஒன்றை நெருக்கமாகப் பல இடங்களிற் கயிறு சுற்றிக் கட்டினால் எப்படி உருட்டினும் குலையாது. இரண்டே இடத்திற் கட்டினால் நடுவே பிதுங்கி அவிழும். தூணின் கதையும் இதுவே.

1971ஆம் ஆண்டுக்கு முன் கலிபோர்னியாவில் கட்டிய பாலத் தூண்களில் பொதுவாக அரை அங்குல வளையங்களை 12 அங்குல இடைவெளியில் வைத்தனர். அவ்வாண்டு பிப்ரவரி 9ஆம் நாள் விடியற்காலையில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்கு வடக்கே சான் பெர்னாண்டோ பள்ளத்தாக்கில் நிலம் நடுங்கியது. அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். புதிதாகக் கட்டிய சாலைச் சந்திப்புகளின் பாலங்கள் சரிந்தன. கட்டுமானம் முடியாதிருந்த நியூஹால் கணவாய்ச் சந்திப்பிலும் ஒரு பகுதி வீழ்ந்தது. வளையங்கள் போதா என்பதையும், பாலத்தின் தளங்கள் ஒன்றோடொன்று சேரும் மூட்டுகள் விலகி நழுவுகின்றன என்பதையும் பொறியாளர்கள் அன்று கண்கூடாகக் கண்டனர்.

புதிய பாலங்களுக்குப் புதிய விதி வந்தது. முன்னரே கட்டியவற்றை என் செய்வது? அவை ஆயிரக்கணக்கில் நின்றன. பணமோ அளவாக வந்தது. ஆகவே செலவு குறைந்ததை முதலிற் செய்தனர். தளங்களின் மூட்டுகளை எஃகு வடங்களால் பிணைத்தனர். ஆயிரத்துக்கு மேற்பட்ட பாலங்களில் இப்பணி நடைபெற்றது. சைப்ரஸ் சாலைக்கும் 1977ஆம் ஆண்டு இவ்வடங்கள் பூட்டப்பட்டன. தூண்களை வலுப்படுத்தும் பணி இரண்டாம் கட்டம் என ஒதுக்கப்பட்டுக் காத்திருந்தது. நிலம் கொடுத்த தவணை ஒவ்வோர் ஆண்டாகக் கழிந்தது.

1989ஆம் ஆண்டு அக்டோபர் 17

அன்று செவ்வாய்க்கிழமை. ஓக்லாந்து, சான் பிரான்சிஸ்கோ ஆகிய இரு நகரங்களின் பேஸ்பால் அணிகளும் நாட்டின் இறுதிப் போட்டித் தொடரில் மோதிக்கொண்டிருந்தன. மூன்றாம் ஆட்டம் அன்று மாலை சான் பிரான்சிஸ்கோவில் தொடங்க இருந்தது. ஆட்டத்தைக் காணப் பலர் அலுவலகத்தினின்றும் முன்னரே வீடு திரும்பிவிட்டனர். அதனால் வழக்கமாக வண்டிகள் அடைத்து நிற்கும் மாலை வேளையில் சாலைகளில் நெரிசல் குறைந்திருந்தது.

மாலை 5 மணி 4 நிமிடத்துக்குச் சாந்தா குரூஸ் மலைகளில் லோமா பிரியேட்டா சிகரத்தின் அருகே 6.9 அளவுள்ள நிலநடுக்கம் எழுந்தது. அவ்விடம் ஓக்லாந்துக்கு அண்மையிலன்று. ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. எனினும் சைப்ரஸ் சாலையின் வடபகுதி வளைகுடாவின் பழைய சேற்று நிலத்தின் மேல் நின்றது. பாறையின் மீது மெல்ல வரும் அலை, ஆழ்ந்த சேற்றினுள் புகுந்ததும் பெரிதாகிறது. தட்டில் வைத்த தயிரைத் தட்டோடு அசைத்துப் பார்த்தால் இது விளங்கும்: தட்டின் அசைவு சிறிது, தயிரின் அசைவு பெரிது. அச்சேற்றுப் பகுதியில், மேல் தட்டைத் தாங்கிய தூண்கள் கீழ்த் தட்டோடு சேரும் இடத்தில் பிளந்து பக்கங்களில் விலகின. மேல் தட்டு அப்படியே கீழ்த் தட்டின் மேல் விழுந்தது. ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் நீளச் சாலை சில வினாடிகளில் நசுங்கியது. உறுதியான மண்ணின் மேல் நின்ற தென்பகுதி வீழவில்லை.

அந்நடுக்கத்தில் இறந்தோர் 63 பேர். அவர்களுள் 42 பேர் இந்த ஒரு சாலையிலேயே உயிர் இழந்தனர். சான் பிரான்சிஸ்கோவுக்கும் ஓக்லாந்துக்கும் இடையிலுள்ள வளைகுடாப் பாலத்திலும் மேல் தட்டின் 50 அடித் துண்டு ஒன்று விழுந்து ஓர் உயிரைக் கொண்டது.

இந்நிகழ்ச்சியில் மறக்கவொண்ணாத செய்தி ஒன்று உண்டு. இடிந்த சாலைக்கு முதலில் ஓடிவந்தவர்கள் அரசாங்க மீட்புப் படையினர் அல்லர். அதன் கீழே வாழ்ந்த மேற்கு ஓக்லாந்து மக்களும், அருகிலிருந்த தொழிற்கூடங்களின் தொழிலாளருமே முதலில் வந்தனர். ஏணிகளைக் கொணர்ந்தனர், பாரம் தூக்கும் வண்டிகளை ஓட்டி வந்தனர், புகையும் அதிர்வும் அடங்குமுன் தளர்ந்து தொங்கிய கான்கிரீட்டின் மேல் ஏறி, உள்ளே அகப்பட்டவர்களை இறக்கினர். தம் ஊரைப் பிளந்த சாலை, தம்மைத் திரும்பியும் பாராமல் நாள்தோறும் தலைக்கு மேலே விரைந்து சென்றவர்களின் சாலை. அவர்களைக் காக்கவே அம்மக்கள் தம் உயிரைப் பொருட்படுத்தாது ஏறினர். 

காலத்தோடு போட்டி

மாநில ஆளுநர் ஒரு விசாரணைக் குழுவை அமைத்தார். கலிபோர்னியாத் தொழில்நுட்பக் கழகத்தின் பேராசிரியர் ஜார்ஜ் ஹவுஸ்னர் அதன் தலைவர். நிலநடுக்கப் பொறியியலின் தந்தையருள் ஒருவராக மதிக்கப்பெற்றவர் அவர். நம் நாட்டோடும் அவருக்கு உறவு உண்டு. ரூர்க்கிப் பல்கலைக்கழகத்தில் 1960ஆம் ஆண்டு நிலநடுக்கப் பொறியியலுக்கெனத் தனிப் பள்ளியை அமைத்த ஜெய் கிருஷ்ணா, அதற்கு முன் அமெரிக்கா சென்று ஹவுஸ்னரோடு பழகி அத்துறையைக் கற்று வந்தவர்.

ஹவுஸ்னர் குழு 1990ஆம் ஆண்டு தன் அறிக்கையை அளித்தது. அதற்குக் 'காலத்தோடு போட்டி' எனப் பொருள்படும் பெயரை இட்டனர். அப்பெயரே அறிக்கையின் சாரம் எனலாம். பழைய தூண்களின் குறை 1971ஆம் ஆண்டு முதலே பொறியாளர்கள் அறிந்தது. மருந்து இன்னது என்பதும் வரவரத் தெரிந்துவந்தது. ஆயினும் பணம் சிறுகச் சிறுக வந்தது, வேலை வரிசையில் காத்திருந்தது, நிலம் காத்திருக்கவில்லை. சைப்ரஸ் சாலையை வீழ்த்தியது அறியாமை என்பதை விட, அறிந்ததற்கும் செய்ததற்கும் இடையே கிடந்த 18 ஆண்டு என்பதே பொருந்தும்.

அதன்பின் பணி விரைந்தது. தூண்களைச் சுற்றி எஃகு உறை பொருத்தி, இடைவெளியிற் சாந்தை நிரப்பும் முறை பரவியது. தளர்ந்த கட்டுக்குப் புறத்தே ஒரே பெரிய வளையத்தை மாட்டுவது போன்றது இம்முறை. மாநிலம் முழுவதும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பாலங்கள் வலுவூட்டுவதற்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்டன. 1996ஆம் ஆண்டு மக்கள் வாக்களித்து 200 கோடி டாலர் கடன் பத்திரத்துக்கு இசைவு தந்தனர்.

இரு கரைகளில் இரு முடிவுகள்

இடிந்த சாலையை மீண்டும் அதே இடத்தில் எழுப்புவதா? மாநில அரசாங்கத்தார் முதலில் அவ்வாறே எண்ணினர். மேற்கு ஓக்லாந்து மக்கள் ஒன்றுகூடி மறுத்தனர். முப்பது ஆண்டுகள் தம்மைப் பிளந்து நின்ற சுவர் நிலநடுக்கத்தால் வீழ்ந்தபின், அதை எழுப்ப விடுவதில்லை என்பது அவர்கள் உறுதி. இறுதியில் புதிய சாலை குடியிருப்பைச் சுற்றி, இருப்புப்பாதைப் பணிமனைகளின் ஓரமாகத் திருப்பப்பட்டது. 1997ஆம் ஆண்டு அது திறக்கப்பட்டது. செலவு நூறு கோடி டாலரைத் தாண்டியது. பழைய சைப்ரஸ் தெரு இருபுறமும் மரங்களுடன் அகன்ற வீதியாக மாற்றப்பெற்றுத் தென்னாப்பிரிக்கத் தலைவர் மண்டேலாவின் பெயரைத் தாங்கி 2005ஆம் ஆண்டு முழுமையுற்றது.

சான் பிரான்சிஸ்கோவில் எம்பர்காடெரோ சாலை இடியவில்லை, பழுதுற்றது. பழுதை நீக்கி மீண்டும் திறக்க இயலும். அச்சாலை கடலையும் நகரத்தையும் பிரிக்கிறது என்று நெடுங்காலமாகக் குறை கூறியவர் உண்டு. 1986ஆம் ஆண்டு அதை இடிப்பதா என்று வாக்கெடுத்தபோது மக்கள் வேண்டாவென்றனர். இப்போது நகரத் தலைவர் ஆர்ட் அக்னோஸ், இடித்துவிடுவதே நன்று என்றார். சீனர் குடியிருப்பின் வணிகர்கள் கடுமையாக எதிர்த்தனர். அச்சாலை வழியாகவே வாடிக்கையாளர் தம் கடைகளுக்கு வந்தனர். அது போனால் வணிகம் படுத்துவிடும் என்பது அவர்கள் கவலை. அதனைக் குறுகிய நோக்கம் என்று ஒதுக்க முடியாது. அது பல குடும்பங்களின் சோற்றைப் பற்றிய கவலை. 1990ஆம் ஆண்டு நகர மன்றத்தில் ஒரே வாக்கு மிகுதியால் இடிப்பு முடிவாயிற்று. 1991ஆம் ஆண்டு இடிக்கும் பணி தொடங்கியது. அவ்வாண்டுத் தேர்தலில் அக்னோஸ் தோற்றார். இன்று அவ்விடத்தில் பனைவகை மரங்கள் வரிசையாக நிற்கும் அகன்ற வீதியும், அதன் நடுவே டிராம் வண்டியும், கடலைப் பார்த்தபடி நடக்கும் மக்களும் காட்சியளிக்கின்றனர்.

வளைகுடாப் பாலமோ ஒரே மாதத்தில் பழுது பார்க்கப்பட்டுத் திறக்கப்பட்டது. ஆயினும் அதன் கீழ்த்திசைப் பாதி அடுத்த பெருநடுக்கத்தைத் தாங்காது எனக் கண்டு, புதிதாகக் கட்டத் தீர்மானித்தனர். வடிவம் பற்றியும் செலவு பற்றியும் வாதம் நீண்டது. புதிய பாலம் 2013ஆம் ஆண்டு செப்டம்பரில்தான் திறந்தது. இடையில் சென்ற 24 ஆண்டும் மக்கள் பழைய பாலத்தின் மேலேயே வண்டி ஓட்டினர்.

ஒரே தேதி, ஓராண்டு இடைவெளி

1994ஆம் ஆண்டு ஜனவரி 17ஆம் நாள் அதிகாலை 4 மணி 31 நிமிடத்துக்கு லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் நார்த்ரிட்ஜ் பகுதியில் நிலம் மீண்டும் நடுங்கியது. ஏழு பாலங்கள் வீழ்ந்தன. அவற்றுட் பெரும்பாலானவை வலுவூட்டப்பட வேண்டும் என முன்பே குறிக்கப்பட்டு முறைக்குக் காத்திருந்தவை. 1971ஆம் ஆண்டு வீழ்ந்த நியூஹால் சந்திப்பில் மீண்டும் ஒரு பகுதி இடிந்தது. முன்னிருட்டில் மோட்டார் சைக்கிளில் பணிக்கு விரைந்த காவலர் ஒருவர், சாலை முடிந்துவிட்டதை அறியாது அதனின்றும் விழுந்து இறந்தார். ஆனால் எஃகு உறை இட்ட தூண்கள் நிலைத்து நின்றன. அவ்வாறு வலுவூட்டிய பாலம் எதுவும் வீழவில்லை. மருந்து பயன் தருவது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

சரியாக ஓராண்டு கழித்து, 1995ஆம் ஆண்டு அதே ஜனவரி 17ஆம் நாள் காலை 5 மணி 46 நிமிடத்துக்கு ஜப்பானின் கோபே நகரம் குலுங்கியது. 6,434 உயிர்கள் மடிந்தன. ஹான்ஷின் உயர்மட்டச் சாலை, ஒற்றைத் தூண்களின் மேல் குடைபோல விரிந்து நின்றது. அதில் 635 மீட்டர் நீளப் பகுதி தூண்களோடு அப்படியே ஒருபக்கமாகச் சாய்ந்து படுத்தது. உடைந்த சாலையின் விளிம்பில் முன்சக்கரங்கள் அந்தரத்தில் தொங்க ஒரு பேருந்து நின்றுபோன படத்தை உலகம் முழுவதும் கண்டது. நிலநடுக்கக் கலையில் உலகுக்கே ஆசானான நாட்டில் இது நிகழ்ந்தது. காரணம் வேறன்று: அத்தூண்களும் பழைய விதியின்படி கட்டியவையே. நெடுங்கம்பிகளுட் சில தூணின் நடுவிலேயே நிறுத்தப்பட்டிருந்தன, வளையங்களும் குறைவு.

கோபே மக்கள் சாலையை இடம் மாற்றவில்லை, அகற்றவும் இல்லை. மலைக்கும் கடலுக்கும் நடுவே குறுகிக் கிடந்த அவ்வூருக்கு அது இன்றியமையாத வழி. ஆகவே அதே இடத்தில் பருத்த தூண்களும், கான்கிரீட்டுக்கு மாறாக இலேசான எஃகுத் தளங்களும், அதிர்ச்சியை விழுங்கும் ரப்பர் அணைகளும் வைத்துக் கட்டினர். 1996ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் வழி முழுவதும் திறந்தது. உயர்ந்த சாலையே தீது என்பதன்று. பழைய தூணைப் பழையபடியே விட்டுவைப்பதே தீது என்னும் உண்மையைக் கோபே காட்டியது.

அறிந்தே வாழ்ந்த பதினெட்டு ஆண்டு

எஞ்சியது சியாட்டில். 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் 6.8 அளவுள்ள நிஸ்குவாலி நிலநடுக்கம் அவ்வூரின் ஈரடுக்குச் சாலையைப் பழுதாக்கியது; வீழ்த்தவில்லை. சைப்ரஸ் சாலையின் உடன்பிறப்பைப் போன்றது அது. அது நின்ற மண் கடலோரத்தில் கொட்டி நிரப்பிய மண். அம்மண்ணைத் தாங்கிய கடற்சுவரின் மரத்தைச் சிறு கடற்பூச்சிகள் அரித்திருந்தன. இன்னொரு பெருநடுக்கம் வந்தால் அது நிற்காது என்று பொறியாளர்கள் வெளிப்படையாகவே சொன்னார்கள். எனினும் நாளொன்றுக்கு ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகள் அதன்மேல் ஓடின.

என் செய்வது என்பதில் ஊர் பிளவுபட்டது. புதிய உயர்சாலையா, சுரங்கச் சாலையா, ஒன்றுமே வேண்டாவா? 2007ஆம் ஆண்டு இரு திட்டங்களை முன்வைத்துக் கருத்துக் கேட்டபோது மக்கள் இரண்டையும் மறுத்தனர். 2009ஆம் ஆண்டு ஆழ்சுரங்கம் என்று முடிவாயிற்று. 2013ஆம் ஆண்டு துளையிடத் தொடங்கிய பெரும் பொறி, அவ்வாண்டு இறுதியிலேயே பழுதுற்று நின்று, ஈராண்டுக் காலம் மண்ணுள்ளே அசையாது கிடந்தது.

அதுவரை பழைய சாலையோடு எவ்வாறு வாழ்ந்தனர் என்பதே நாம் கருத்திற் கொள்ளத்தக்கது. குறித்த காலந்தோறும் வார இறுதியில் சாலையை மூடிப் பிளவுகளை அளந்தனர். தூண்கள் சில அங்குலம் தாழ்ந்திருப்பதைப் பதிவுசெய்தனர். பாரவண்டிகளுக்குக் கட்டுப்பாடு விதித்தனர். நிலம் நடுங்கிய உடனே நுழைவாயில்களைத் தாமே அடைத்துக்கொள்ளும் கதவுகளை 2011ஆம் ஆண்டு பொருத்தினர். அனைத்துக்கும் மேலாக, ஆபத்து இன்னது என்பதை மக்களிடம் மறைக்கவில்லை. இவை தூணை வலுவாக்கா. ஆயினும் ஊரார் கண்ணை மூடிக்கொண்டு வாழவில்லை என்பதற்கு இவை சான்று.

2019ஆம் ஆண்டு ஜனவரி 11ஆம் நாள் அச்சாலை மூடப்பட்டது. பிப்ரவரித் தொடக்கத்தில் ஊர்மக்கள் குழந்தைகளோடு கடைசி முறையாக அதன்மேல் நடந்து சென்று விடைபெற்றனர். சுரங்கம் திறந்தது, பழைய சாலை இடிக்கப்பட்டது. பதினெட்டு ஆண்டுக் காலத்தில் அடுத்த பெருநடுக்கம் வரவில்லை. ஓக்லாந்துக்கும் 1971 முதல் 1989 வரை அதே பதினெட்டு ஆண்டே கிடைத்தன. இரண்டிற்கும் இடையே உள்ள வேறுபாட்டை முழுவதும் அறிவுடைமை என்று கூற இயலாது. நிலத்தின் கருணையும் அதில் ஒரு பங்கு.

நமக்குரியது

2002ஆம் ஆண்டு வெளிவந்த நிலநடுக்க வரைபடம் இந்திய நாட்டை நான்கு மண்டலங்களாகப் பகுத்தது. தலைநகர் தில்லி அவற்றுள் இரண்டாவது கடுமையான மண்டலத்தில் வைக்கப்பட்டது. நாம் பிறந்த மண்ணும் விலக்கன்று. அதுவரை குறைந்த ஆபத்துள்ளதாகக் கருதப்பட்ட சென்னை, அவ்வரைபடத்தில் ஒரு படி உயர்த்தப்பட்டது. யமுனையின் கரையில் ஆழ்ந்த வண்டல் மண் உண்டு. மேற்கு ஓக்லாந்தின் சேற்றுக் கதையை அறிந்தவர்க்கு இதன் பொருளைச் சொல்ல வேண்டியதில்லை.

நம்மிடம் விதி இல்லாமல் இல்லை. நிலநடுக்கத்தை எதிர்பார்த்துக் கட்டுவதற்கான இந்தியத் தரவிதி 1962ஆம் ஆண்டிலேயே வெளிவந்தது. கான்கிரீட் கட்டடங்களில் வளையங்களை நெருக்கமாக இடும் முறையை வகுக்கும் தனி விதி 1993ஆம் ஆண்டு வந்தது. ஆகவே ஒவ்வொரு மேம்பாலத்தையும், நாம் வாழும் ஒவ்வோர் அடுக்குமாடியையும் பார்த்து நாம் கேட்கக்கூடிய எளிய வினா ஒன்று உண்டு: இது எந்த ஆண்டு கட்டப்பட்டது? அதைத் தொடர்ந்து இன்னும் இரண்டு: கடைசியாக இதனைச் சோதித்தவர் யார்? குறை கண்டால் அதனை நீக்கப் பணம் ஒதுக்கப்பட்டதா? இவ்வினாக்களைக் கேட்க ஒருவர் பொறியியல் கற்றிருக்க வேண்டியதில்லை. குடியிருப்போர் நலச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து நின்று கேட்டால் போதும். குடியிருப்போரே எழுந்து நின்று கேட்டதனால்தான் மேற்கு ஓக்லாந்தின் நடுவே அச்சுவர் மீண்டும் எழவில்லை.

பிழைப்பு நாடி வெளியூர் வந்தவர்கள், 'இது நம் ஊர் அன்று. நமக்கென்ன' என்று ஒதுங்கியிருப்பது இயல்பு. மேற்கு ஓக்லாந்தின் இருப்புப்பாதைத் தொழிலாளரும் வந்தேறியவர்களே. சாலை இடிந்த மாலையில் ஏணியோடு ஓடியவர்கள் அவர்களும் அவர்களுடைய மக்களுமே. எந்த ஊரின் பாலத்தின் கீழே நம் குழந்தைகள் நாள்தோறும் பள்ளிக்குச் செல்கின்றனரோ, அந்த ஊர் நம் ஊரே. அதன் தூண்களைப் பற்றிக் கேட்கும் உரிமையும் கடமையும் நமக்கு உண்டு. நிலம் தவணை தந்திருக்கும்போதே கேட்போமாக.